டேங்க் ஒழுகி முதுகு நனைந்தது. மூன்று வாரம் கழித்துக் கால் மதமதக்கிறது

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 31. ஏழு வருடமாகக் கூலிக்கு மருந்து அடிக்கிறேன். மூன்று வாரத்துக்கு முன்னால் புரோபெனோபாஸும் சைபர்மெத்ரினும் கலந்த பூச்சிமருந்து அடிக்கும்போது, முதுகு டேங்க்கின் மூடியில் வாஷர் போய்விட்டது. குனியும்போதெல்லாம் மருந்துத் தண்ணீர் முதுகில் வழிந்து, சட்டை, பேன்ட், உள்ளாடை எல்லாம் நனைந்தது. வேலை பாதியில் நின்றதால் நாலு மணி நேரம் அப்படியே அடித்து முடித்தேன். முதுகும் கழுத்தும் ஊசி குத்துவதுபோல எரிந்தன. சாயங்காலம் தலைவலி, வாந்தி, கொட்டும் வியர்வை, கண் மங்கல். பால் குடித்தால் முறிந்துவிடும் என்றார்கள், குடித்தேன். இரவு மூச்சு முட்டியதும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அட்ரோபின் ஊசி போட்டு மூன்று நாள் வைத்திருந்தார்கள். அங்கே வாய் உலர்ந்து நான் ஏதேதோ உளறினேனாம். விஷம் மூளைக்கு ஏறிவிட்டது என்று மனைவி பயந்துபோயிருக்கிறாள். இப்போது வியர்வை, வாந்தி இல்லை. ஆனால் அசதி தீரவில்லை, சொன்னது மறந்துபோகிறது, ஐந்து நாளாக இரண்டு பாதமும் மதமதக்கிறது. முதலாளி வேலைக்குக் கூப்பிடுகிறார். என் டேங்க்கை இப்போது பதினாறு வயதுப் பையன் ஒருவன் எடுத்துக்கொண்டு போகிறான். விஷம் இன்னும் உடம்பில் இருக்கிறதா? பின்னால் புற்றுநோய் வருமா? மனைவி ஐந்து மாத கர்ப்பிணி, அவளுக்கோ குழந்தைக்கோ ஏதாவது ஆகுமா? நான் எப்போது வேலைக்குப் போகலாம்?

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். இப்போது போகாதீர்கள். மருந்து அடிப்பது மட்டுமல்ல, கலப்பது, டேங்க்கைக் கழுவுவது, அடித்த வயலில் இறங்கி வேலை பார்ப்பது எதுவும் வேண்டாம். வியர்வையும் வாந்தியும் நின்றதை வைத்து உடம்பு தேறிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். இந்த வகை விஷத்தில் அது போதாது. உங்கள் ரத்தத்தில் ஒரு நொதியின் அளவு எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அதற்கு அநேகமாக இன்னும் சில வாரங்கள் ஆகும்.

நீங்கள் அடித்தது இரண்டு மருந்துகளின் கலவை. இரண்டும் உடம்பில் வெவ்வேறு விதமாக வேலை செய்கின்றன. சைபர்மெத்ரின், பைரித்ராய்டு வகை. அது தோலில் பட்டால் அங்குள்ள நரம்பு நுனிகளைத் தூண்டிவிடும். பட்ட இடம் அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் சுருசுருவென்று எரியும், வியர்த்தால் இன்னும் கூடும். பெரும்பாலும் ஒரு நாளுக்குள் தானாகவே அடங்கிவிடும், தழும்போ நிரந்தரக் கேடோ இருக்காது. அன்று உங்கள் முதுகும் கழுத்தும் எரிந்ததற்கு இதுவே காரணமாக இருக்கும்.

உங்களை மூச்சு முட்ட வைத்தது புரோபெனோபாஸ். அது ஆர்கனோபாஸ்பேட் வகை. நரம்பு ஒரு தசையையோ சுரப்பியையோ இயக்க, அசிட்டைல்கோலின் என்ற பொருளை வெளியிடுகிறது. வேலை முடிந்ததும் அதை உடனே உடைத்துப்போட கோலினெஸ்டரேஸ் என்ற நொதி இருக்கிறது. ஆர்கனோபாஸ்பேட் இந்த நொதியைப் பிடித்து முடக்கிவிடும். அதன்பின், அழுத்திய அழைப்புமணிப் பொத்தான் உள்ளேயே சிக்கிக்கொண்டால் மணி ஓயாமல் அடிக்குமே, அப்படி நரம்பின் கட்டளை நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். வியர்வை கொட்டும், எச்சில் ஊறும், கண்ணின் பாப்பா ஊசிமுனையாகச் சுருங்கிப் பார்வை மங்கும், வயிறு பிசையும், தசைகள் துடிக்கும். நுரையீரலில் சளி நிறையும்போதுதான் உயிருக்கு ஆபத்து. உங்களுக்கு அன்றிரவு மூச்சு முட்டியது அதனால்தான். சரியான நேரத்தில் தூக்கிக்கொண்டு போனவர்களுக்கு நீங்கள் கடன்பட்டிருக்கிறீர்கள்.

ஆஸ்பத்திரியில் வாய் உலர்ந்ததும் உளறியதும் அட்ரோபினாலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நெஞ்சில் சளி வற்றும்வரை அந்த ஊசியைத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருக்கும். அந்த அளவில் வாய் வறளும், முகம் சிவக்கும், சிலருக்குக் கொஞ்ச நேரம் மனம் குழம்பி இல்லாத பொருள்கள் கண்ணுக்குத் தெரியும். மருந்து இறங்கியதும் சரியாகிவிடும். இதை உங்கள் மனைவியிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மூன்று வாரமாக அந்தப் பயத்தோடு இருக்கிறார்.

இவ்வளவு விஷம் வாய் வழியாகப் போகாமல் எப்படி உள்ளே போனது என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். மருந்து அடிப்பவர்கள் மூக்கை மூடினால் போதும் என்று நினைக்கிறார்கள். வேலை செய்யும் இடத்தில் விஷம் ஏறும் முக்கியமான வழி தோல். உடம்பு முழுக்க ஒரே மாதிரி உறிஞ்சுவதும் இல்லை. பாரத்தியான் என்ற ஆர்கனோபாஸ்பேட்டை மனிதத் தோலில் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 1971இல் வெளியானது. முன்கைத் தோல் உறிஞ்சும் அளவை ஒரு பங்கு என்று வைத்தால், நெற்றி சுமார் நாலு பங்கு, அக்குள் ஏழு பங்குக்கு மேல், விதைப்பை கிட்டத்தட்ட பன்னிரண்டு பங்கு உறிஞ்சியது. டேங்க் மூடியிலிருந்து வழிந்த தண்ணீர் முதுகுத்தண்டு வழியே இறங்கி இடுப்பில் தேங்கி, உள்ளாடை நனைந்து, அந்த இடத்திலேயே நாலு மணி நேரம் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. வெயிலும் வியர்வையும் உறிஞ்சுதலை இன்னும் கூட்டும். ஒழுகியது தெரிந்த நிமிடமே துணியைக் கழற்றிப்போட்டு சோப்புப் போட்டுக் குளித்திருந்தால், அன்றிரவு ஆஸ்பத்திரி தேவைப்படாமலே போயிருக்கலாம். உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பாதியில் நிறுத்தினால் கூலி என்ன ஆகும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. இதைப் படிக்கும் இன்னொருவர் அடுத்த முறை நிறுத்திவிட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இப்போது அந்தப் பையன். தம்பி, உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கலங்கவைத்த வரி அதுதான். அந்த வாஷரை மாற்றினார்களா என்றுகூட நீங்கள் எழுதவில்லை. மாற்றியிருந்தாலும் பதினாறு வயதுப் பிள்ளை இந்த வேலையைச் செய்யக் கூடாது. வேளாண்மையில் பாதுகாப்பு, உடல்நலம் பற்றிய சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2001ஆம் ஆண்டு உடன்படிக்கை, விவசாயத்தில் உடம்புக்கு ஆபத்தான வேலைகளுக்குக் குறைந்தபட்ச வயது 18 என்கிறது. சட்டத்தை ஒதுக்கி வைத்தாலும், சிறிய உடம்பில் அதே அளவு மருந்து அதிகமாகத் தாக்கும். முதலாளியிடம் பேசத் தயக்கமாக இருந்தால் பையனின் வீட்டில் பேசுங்கள். உங்களுக்கு என்ன ஆனது என்று அப்படியே சொல்லுங்கள். இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்து, பாதத்தில் மதமதப்பு. இதை நான் சும்மா விடமாட்டேன், நீங்களும் விடாதீர்கள். அன்றைய எரிச்சலும் இதுவும் ஒன்றல்ல. ஆர்கனோபாஸ்பேட்டுகளில் சிலவற்றுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. விஷம் ஏறி ஒன்றிலிருந்து மூன்று வாரம் கழித்து, ஆள் பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு, கெண்டைக்கால் பிடித்து இழுக்கும், பாதம் மதமதக்கும், பிறகு பாதத்தைத் தூக்கும் தசைகள் சோர்ந்துபோகும். மிக நீளமான நரம்புகள் முதலில் பழுதாவதால் பாதத்தில் தொடங்குகிறது. பெரும்பாலும் மருந்தைக் குடித்தவர்களுக்கு, அதாவது மிக அதிக அளவு உள்ளே போனவர்களுக்குத்தான் இது வரும். தோல் வழியாக ஏறியவர்களுக்கு அரிது. அதனால் உங்களுக்கு அதுதான் என்று நான் சொல்லவில்லை. நீரிழிவும் வைட்டமின் பி12 குறைவும் இதேபோலப் பாதத்தை மதமதக்க வைக்கும், அவை வைத்தியத்துக்குக் கட்டுப்படும். எது என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆனால் நாள் கணக்கு பொருந்தி வருவதால் இந்த வாரமே நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்யச் சொல்வார்.

அதுவரை வீட்டிலேயே பார்த்துக்கொள்ள ஒன்று சொல்கிறேன். சுவர் ஓரமாக நின்று, விரல்களைத் தரையில் படாமல் தூக்கிக் குதிகாலால் மட்டும் பத்தடி நடந்து பாருங்கள். முடியாவிட்டால், அல்லது நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்று விழுகிறது என்றால், அன்றைக்கே போங்கள். நரம்பு பழுதாகியிருந்தால் அதை முறிக்கிற மருந்து கிடையாது. பிசியோதெரபியும் பொறுமையும்தான். பலருக்கு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறும்.

அசதியும் மறதியும் உங்கள் கற்பனை இல்லை. யாராவது 'எல்லாம் மனசுதான்' என்று சொல்லியிருந்தால் அதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். நிகரகுவாவில் ஆர்கனோபாஸ்பேட் விஷம் ஏறி ஆஸ்பத்திரியில் சேர்ந்து மீண்ட விவசாயத் தொழிலாளர்களைச் சுமார் இரண்டு ஆண்டுகள் கழித்துச் சோதித்தபோது, கவனமும் நினைவும் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்தது தெரிந்தது. அந்த ஆய்வு 1991இல் வெளியானது. எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலோருக்கு வாரங்களில் குறைந்துகொண்டே வரும். தூக்கம் கெடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், குடிப்பழக்கம் இருந்தால் இப்போது நிறுத்துங்கள், முக்கியமானதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். காரணமில்லாமல் எரிச்சல் வருகிறது, எதிலும் பிடிப்பில்லை, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால் அதையும் இந்த விஷத்தின் பாதிப்பாக நினைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

'விஷம் இன்னும் உடம்பில் இருக்கிறதா' என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்தில் பெரும்பகுதி சில நாட்களில் உடைந்து சிறுநீரில் போயிருக்கும். அது முடக்கிவிட்டுப் போன நொதிதான் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. சீரத்தில், அதாவது ரத்தத்தின் திரவப் பகுதியில், இருக்கும் கோலினெஸ்டரேஸ் நாட்களிலோ சில வாரங்களிலோ மீண்டுவிடும். சிவப்பணுவில் இருப்பது, முடங்கி இறுகிவிட்டால், புதிய சிவப்பணுக்கள் உருவாகும் வேகத்தில்தான் ஏறும். ஒரு நாளைக்குச் சுமார் 1 சதவீதம். சிவப்பணுவின் ஆயுள் 120 நாள், ஆகவே மோசமாக இறங்கியிருந்தால் முழுக்க மீள மூன்று நான்கு மாதம்கூட ஆகலாம். மூன்று வாரத்தில் உங்களுக்கு எவ்வளவு ஏறியிருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இந்த நிலையில் மறுபடி மருந்து அடித்தால், வழக்கமாக உங்களை ஒன்றும் செய்யாத சிறு அளவு பட்டாலே போதும், திரும்ப ஆஸ்பத்திரிதான். ஏழு வருடமாக ஒன்றும் ஆகவில்லையே என்ற நம்பிக்கையை இப்போது நம்பாதீர்கள். அப்போது உங்கள் நொதி இவ்வளவு இறங்கியிருந்திருக்காது.

ஆகவே ரத்தப் பரிசோதனை. சிவப்பணு கோலினெஸ்டரேஸ், சீரம் கோலினெஸ்டரேஸ் இரண்டையும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். முடிந்தால் ஒவ்வொரு முறையும் ஒரே ஆய்வகத்தில் எடுங்கள், இடம் மாறினால் எண்களை ஒப்பிட முடியாது. இதில் பலர் ஏமாறும் ஓர் இடம் உண்டு. முடிவுத் தாளில் 'நார்மல்' என்று அச்சாகி வரும். இந்த நொதியின் இயல்பான அளவு ஆளுக்கு ஆள் மிகவும் வேறுபடும். இயல்பிலேயே உயர்ந்த அளவு உள்ளவருக்கு மூன்றில் ஒரு பங்கு இறங்கியும் தாளில் நார்மல் என்றே வரலாம். அதனால்தான் கலிபோர்னியா மாநிலத்தில் 1974 முதல், இவ்வகை மருந்துகளைத் தொடர்ந்து கையாளும் தொழிலாளர்களுக்கு வேலை தொடங்கும் முன்பே ரத்தம் எடுத்து அவரவர் அளவைக் குறித்துவைக்கிறார்கள். சிவப்பணு அளவு அதில் 70 சதவீதத்துக்கோ, பிளாஸ்மா (சீரம்) அளவு 60 சதவீதத்துக்கோ இறங்கினால் அந்த வேலையிலிருந்து விலக்கிவிட வேண்டும். இரண்டும் 80 சதவீதத்துக்கு ஏறிய பிறகே திரும்ப விடலாம்.

உங்களுக்கு அப்படிப் பழைய அளவு எதுவும் இருக்காது. பரவாயில்லை. இப்போது ஒருமுறை எடுங்கள், மூன்று நான்கு வாரம் விட்டு மறுபடி எடுங்கள். எண் ஏறியிருந்தால், முதலில் எடுத்தபோது நீங்கள் தாழ்ந்திருந்தீர்கள் என்று பொருள். இனி ஏறாமல் ஒரே இடத்தில் நிற்கும்வரை தொடருங்கள். அப்படி நிற்கும் எண்தான் உங்கள் சொந்த அளவு. அதைப் பத்திரமாக எழுதிவையுங்கள், பின்னால் எந்த மருத்துவருக்கும் உதவும். அதுவரை மருந்து வாடையே இல்லாத வேறு வேலை கொடுக்கும்படி முதலாளியிடம் கேளுங்கள். மருத்துவரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு போனால் கேட்பது சுலபம். ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டையும், மருந்து பாட்டில் லேபிளின் போட்டோவையும் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். வேலையில் நேர்ந்த பாதிப்பு என்று காட்ட நாளை அது தேவைப்படும்.

புற்றுநோய் பற்றி. இந்த ஒரு நாள் நிகழ்ச்சியால் புற்றுநோய் வந்துவிடும் என்று நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2015இல் மாலத்தியான், டயசினான், களைக்கொல்லியான கிளைபோசேட் மூன்றையும் 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளவை' என்ற பிரிவில் வைத்தது. அது அந்தப் பொருளால் முடியுமா என்பதைப் பற்றிய கணிப்பு. எவ்வளவு பட்டால் யாருக்கு வரும் என்பதை அது சொல்வதில்லை. அமெரிக்காவில் 1993இல் தொடங்கி, மருந்து அடிப்பவர்களும் அவர்கள் துணைவர்களுமாக ஏறக்குறைய 90 ஆயிரம் பேரைத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அவர்களுக்கு மொத்தத்தில் புற்றுநோய் பொதுமக்களைவிடக் கூடுதலாக இல்லை. ஆனால் புராஸ்டேட் புற்றுநோய் போன்ற சில, குறிப்பிட்ட சில மருந்துகளை நெடுங்காலம் கையாண்டவர்களிடம் கூடுதலாகத் தெரிகின்றன. ஆகவே கவலைப்பட வேண்டியது போன மாதத்து ஒரு நாளைப் பற்றி அல்ல, இனி வரும் இருபது வருடத்தைப் பற்றி. இந்தத் தொழிலிலேயே இருப்பதென்றால் அன்றாடம் மேலே படும் அளவைக் குறைத்தாக வேண்டும்.

அதற்கு வழி என்ன? காலையில் டேங்க்கில் மருந்து ஊற்றும் முன் வெறும் தண்ணீரை நிரப்பி, முதுகில் மாட்டிக் குனிந்து நிமிர்ந்து பாருங்கள். ஒழுகினால் தண்ணீரோடு போகும். ஒரு மாற்று வாஷர் எப்போதும் பையில் இருக்கட்டும். மருந்தை அளந்து கலக்கும் நேரம்தான் மிக ஆபத்தானது, அப்போது கையில் படுவது தண்ணீர் சேராத மூல மருந்து. ரசாயனம் ஊடுருவாத நைட்ரைல் கையுறை வேண்டும். துணி, தோல் கையுறைகள் மருந்தைக் குடித்துக்கொண்டு கையோடு ஒட்டவைக்கும், அதைவிட வெறுங்கையோடு கழுவிக்கொள்வதே மேல். முகத்தில் கட்டும் துண்டு துளிகளைக் கொஞ்சம் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. பூட்ஸ் போட்டால் பேன்ட்டின் கால் பூட்ஸுக்கு வெளியே தொங்கட்டும், உள்ளே செருகினால் வழிவதெல்லாம் பாதத்தில் சேரும். நாசில் அடைத்தால் வாயால் ஊதாதீர்கள், மெல்லிய பிரஷ் ஒன்று போதும். சோப்பும் ஒரு குடம் சுத்தமான தண்ணீரும் வேலை செய்யும் இடத்திலேயே இருக்க வேண்டும்.

யாருக்காவது மேலே கொட்டிவிட்டால் துணி முழுவதையும் கழற்றி, சோப்புப் போட்டுத் தலையிலிருந்து கழுவுங்கள், அக்குளும் தொடை இடுக்கும் நகக்கண்ணும் விடாமல். உதவுபவர் கையுறை போட்டுக்கொள்ளட்டும். கண்ணில் பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம். பால், எண்ணெய் எதுவும் இதை முறிக்காது. வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது, மருந்தில் கலந்திருக்கும் கரைப்பான் நுரையீரலுக்குள் போய்விடும். பாட்டிலின் லேபிளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எந்த மருந்து என்று தெரிவது உயிரைக் காப்பாற்றும். பாராகுவாட் களைக்கொல்லி என்றால், மூச்சு நன்றாக இருக்கும்போது ஆக்சிஜன் வைப்பதே நுரையீரலை மேலும் கெடுக்கும். ஆர்கனோபாஸ்பேட் என்றால் ஆக்சிஜனும் அட்ரோபினும் தாமதிக்கக் கூடாது. பிழைத்து எழுந்தவரையும் நாலு நாள் வரை கண்காணிக்க வேண்டும். முதல் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையில் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை என்றால் மூச்சுத் தசைகள் சோரப்போகின்றன என்று பொருள். நீங்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டீர்கள்.

உங்கள் மனைவிக்கு: உங்கள் உடம்பிலிருந்து இது அவருக்குத் தொற்றாது. பக்கத்தில் படுப்பதாலோ ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ ஒன்றும் ஆகாது. வயிற்றில் இருக்கும் குழந்தை நீங்கள் பாதிக்கப்படுவதற்கு முன்பே உருவானது, ஆகவே உங்களுக்கு ஏறிய விஷம் அதைத் தொடவில்லை. வீட்டுக்குள் விஷம் வருவது துணி வழியாகத்தான். அன்று நனைந்த துணிகளைத் துவைத்து வைத்திருந்தாலும் இனி அணிய வேண்டாம். பாரத்தியான் கொட்டிய ஒரு சீருடையைத் துவைத்த பிறகு அணிந்தவருக்கும் விஷம் ஏறியது பற்றி 1989இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அன்று தோல் பெல்ட்டோ தோல் செருப்போ போட்டிருந்தீர்களா? அவற்றை இன்னும் போட்டுக்கொண்டிருந்தால் இன்றே கழற்றிவிடுங்கள். தோல் பொருளில் ஊறிய மருந்து கழுவிப் போகாது. தொட்டவர்கள் கையை சோப்பால் கழுவட்டும், அந்தப் பொருள்களைத் தனிப் பையில் கட்டி, யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி அப்புறப்படுத்துங்கள்.

இனி மருந்து வேலைக்கான உடையை நீங்களே துவையுங்கள். கர்ப்பமாக இருக்கும் அவர் அதைத் தொடவே வேண்டாம். மற்ற துணியோடு சேர்க்காமல், அன்றைக்கே, கையுறை போட்டு, சுடுதண்ணீரில் சோப்புத்தூள் போட்டு இரண்டு முறை. அந்தத் தண்ணீர் குளத்துக்கோ கிணற்றடிக்கோ போகக் கூடாது. உடையை மாற்றிக் குளித்துவிட்டு வீட்டுக்குள் போங்கள். அடுத்த கர்ப்பப் பரிசோதனையில், கணவருக்கு இப்படி ஆனது என்று அவர் மருத்துவரிடம் சொல்லட்டும், அந்தத் துணிகளை அவர் துவைத்திருந்தால் அதையும் சொல்லட்டும். அந்த நாட்களில் அவருக்குத் தலைவலியோ குமட்டலோ இருந்திருந்தால் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.